தோட்டாவும் குண்டும்

மேல்பட்டாம்பாக்கத்து நண்பர்கள் சிலர், பத்திரிகைகளில் அடிபடும் '303', '7.62' என்னும் எண்களின் பொருள் யாது, தோட்டாக்கள் யாவும் ஒன்றுதானே என்று நம்மைக் கேட்டிருக்கின்றனர். அவ்வட்டாரத்தாருக்குக் குண்டு புதிய சரக்கன்று. 1690 இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கிய ஆங்கிலக் கம்பெனியார், பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்வரை தமதென வளைத்துக்கொண்டனர். அவ்வூர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வழங்கலாயிற்று.

குண்டு வேறு, தோட்டா வேறு. பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் தீப்பற்றும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. பறந்து செல்வது குண்டு மாத்திரமே. கூடு சுட்டவன் அருகிலேயே விழுகின்றது. நீலகிரியில் அருவங்காட்டுத் தொழிற்சாலை 1904 இல் ஏற்பட்டது, கார்டைட் என்னும் இம்மருந்தைச் செய்வதற்கே.

எண், குழலின் உள்விட்டத்தைக் குறிப்பது. அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்ததில் 303 பங்கு என்பது முதலாவது, 7.62 மில்லிமீட்டர்க் கணக்கு. எண் ஒன்றாயின் தோட்டாவும் ஒன்று எனக் கொள்ளலாகாது. 1962 சீன யுத்தத்திற்குப் பின் நம் ஸைன்யத்தில் பரவிய 7.62 தோட்டாவின் கூடு 51 மில்லிமீட்டர் நீளம், ருஷ்யரின் ஏ.கே. 47 க்குரிய 7.62 இன் கூடோ 39 தான். ஒன்றற்குரிய துப்பாக்கியில் மற்றொன்றை இட்டுச் சுட இயலாது.

இனிக் குண்டின் வகைக்கு வருவோம். கல்கத்தாவை அடுத்த டம்டம், 1857 ஜனவரியில் கொழுப்புத் தடவிய தோட்டாவைப்பற்றிய வதந்தி கிளம்பிய இடம். 1890களில் அவ்வூர் ஆயுதசாலை மற்றொரு கீர்த்தியையும் தேடிக்கொண்டது. உலோக உறை முழுதும் போர்த்த 303 குண்டு எதிரியை வீழ்த்தாது ஊடுருவிச் செல்கின்றதென்று, எல்லைப்புறச் சண்டைகளில் ஆங்கிலச் சிப்பாய்கள் குறைகூறினர். எனவே முனையில் மட்டும் உறை நீக்கி ஈயம் வெளியே தெரியச் செய்தனர். உடலில் பாய்ந்ததும் ஈயம் காளான்போல் விரிந்து பெரும் புண் செய்தது. 1899 இல் ஹேக் நகரில் கூடிய தேசங்கள் இதனை விலக்கிப் பிரகடனம் செய்தன. பிரிட்டன் அதற்கு இணங்கியது 1907 இல். அப்பிரகடனமோ இணங்கிய தேசங்கள் தம்முள் செய்யும் யுத்தத்திற்கே உரியது. சொந்தக் குடிகளைச் சுடுவதுபற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை!

பிறகு 1910 இல் வந்தது ஏழாம் மார்க் குண்டு. உறை முழுதும் மூடியிருந்தது. ஆகவே பிரகடனத்தின் எழுத்துக்குப் பங்கமில்லை. ஆனால் முன்பாகத்தில் இலேசான அலுமினியமும் பின்பாகத்தில் கனத்த ஈயமும் இட்டமையால், உடலில் புகுந்ததும் அது குட்டிக்கரணம் போட்டுச் சதையைக் கிழித்தது. சட்டத்திற்குப் பணிந்து நடப்பதில் இது ஒரு வகை போலும்!

1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலாபாக்கில் 1650 தோட்டாக்கள் சுடப்பட்டதாக, சுடச் சொன்ன டயரே ஹண்டர் கமிட்டியின் முன் கூறினார். மாண்டவர் 379 பேர் என்றது சர்க்கார். அதனைப் பலர் ஏற்கவில்லை. அத்தர்க்கம் இன்றும் தீரவில்லை. மனிதரைவிடத் தோட்டாவுக்கே கணக்குச் செவ்வையாக இருந்தது. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் வழக்கம் அது. ஆதலின் எங்கேனும் துப்பாக்கிப் பிரயோகம்பற்றி விசாரணை நடக்குமாயின், குடிகளின் தரப்பில் ஆஜராகிறவர் எத்தனை தோட்டா கொடுத்தனர், எத்தனை திரும்பிற்று, எவ்விடத்தில் எத்தனை கூடுகள் அகப்பட்டன என்று கேட்கவேண்டும். பட்டாளத்துத் தோட்டாவாயின், கூட்டின் அடியில் தொழிற்சாலைக் குறியும் செய்த வருஷமும் பெரும்பாலும் பொறித்திருக்கும்.