மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஆயில்

மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஆயில் என்பது எஞ்சினின் அசையும் பாகங்களுக்கிடையே மெல்லிய படலமாக நின்று உராய்வைக் குறைக்கும் உயவு எண்ணெய் ஆகும். வெப்பத்தைக் கடத்துதல், கரியையும் உலோகத் துகளையும் ஓரிடத்தில் படியவிடாமல் வைத்திருத்தல், துருவைத் தடுத்தல் ஆகியவையும் இதன் பணிகளாகும். காரில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் தனித்தனி எண்ணெய் உண்டு. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளட்ச் ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். 100 முதல் 150 சிசி வரையிலான வண்டிகளில் அதன் அளவு ஏறத்தாழ 1 லிட்டர் மட்டுமே. எனவே தவறான தேர்வின் விளைவு விரைவில் தெரியும்.

ஓசூரில் ஏற்பட்ட மாற்றம்

கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள ஓசூரில் டிவிஎஸ் மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை அமைந்துள்ளது. 1980இல் இங்கு வெளிவந்த டிவிஎஸ் 50 மொபெட்டும், சுசூகியின் கூட்டுறவில் 1984 முதல் தயாரான இந்த்-சுசூகி 100 சிசி மோட்டார் சைக்கிளும் டூ ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தவை. இவ்வகையில் எண்ணெய் பெட்ரோலுடன் கலந்து எரிந்துவிடும். அக்காலத்தில் எவ்வளவு கலப்பது என்பதே முதன்மையான கேள்வி. 2001இல் வந்த விக்டர், 2015இல் வந்த எக்ஸ்எல் 100 போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் எண்ணெய் எரிவதற்காக ஊற்றப்படுவதில்லை. எஞ்சினுக்குள்ளேயே சுழன்று வருகிறது. ஆகவே எந்தத் தர எண்ணெய், எத்தனை நாளுக்கு என்பது கேள்வியாயிற்று.

பாகுநிலை எண்

டப்பாவின் மேல் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என அச்சிடப்பட்டிருப்பது எஸ்ஏஇ பாகுநிலைத் தரமாகும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். 10டபிள்யூ எண்ணெய் −25 டிகிரி செல்சியசிலும், 20டபிள்யூ எண்ணெய் −15 டிகிரியிலும் எஞ்சினைக் கிளப்பும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும். பின்னால் வரும் எண் 100 டிகிரி வெப்பத்தில் உள்ள பாகுநிலையைக் காட்டும். எண் 30 எனில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை. 40 எனில் 12.5 முதல் 16.3 வரை.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரின் மார்கழிக் குளிரும் உறைநிலையை நெருங்குவதில்லை. ஆகவே இவ்விரு வகைகளிலும் வண்டி கிளம்பும். ஆனால் அதனால் எதை ஊற்றினாலும் ஒன்றே என்று கொள்ளக் கூடாது. காலையில் வண்டியைக் கிளப்பியவுடன் எண்ணெய் மேற்பகுதிக்கு ஏறும் வேகம் பாகுநிலையைப் பொறுத்தது. பாகங்களின் இடைவெளியும் எண்ணெய்த் துளைகளும் குறிப்பிட்ட பாகுநிலைக்கு ஏற்பவே வடிவமைக்கப்படுகின்றன. கெட்டியான எண்ணெயே எஞ்சினைக் காக்கும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. தேவைக்கு மேல் கெட்டியாக இருந்தால் இழுவை கூடி மைலேஜ் குறையும். மிகவும் இளகியிருந்தால் சூட்டில் படலம் அறுந்து உலோகம் தேயும்.

கிளட்சும் ஜாசோ தரமும்

மோட்டார் சைக்கிளின் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் நனைந்தபடியே இயங்குகின்றன. அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ள ஓரளவு உராய்வு தேவை. சில கார் எண்ணெய்களில் எரிபொருள் சிக்கனத்திற்காக உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் உள்ளன. அவற்றை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். ஆக்சிலரேட்டரைத் திருகினால் எஞ்சின் ஓசை மட்டும் கூடும், வேகம் கூடாது. சூளகிரிப் பக்கத்து ஏற்றங்களில் இருவர் செல்லும்போது இது தெளிவாகப் புலப்படும்.

இதற்காகவே ஜப்பானில் 1998இல் ஜாசோ டி903 தரம் வகுக்கப்பட்டது. எண்ணெயில் நனையும் கிளட்சுக்கு எம்ஏ வகையும், அத்தகைய கிளட்ச் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு உராய்வு குறைந்த எம்பி வகையும் உரியவை. 2006இல் எம்ஏ வகை எம்ஏ1, எம்ஏ2 என மேலும் பிரிக்கப்பட்டது. இவற்றுள் எம்ஏ2 கூடுதல் உராய்வு தருவது. லாரிகளுக்கான டீசல் எண்ணெய் மலிவாகக் கிடைத்தாலும், ஜாசோ குறியீடு இல்லையெனில் கிளட்ச் பிடிக்கும் என்பதற்கு உறுதியில்லை.

எஸ்எல், எஸ்எம், எஸ்என் என்பவை பெட்ரோல் எஞ்சினுக்கான ஏபிஐ தரங்கள். இரண்டாம் எழுத்து பின்னதாக இருந்தால் தரம் புதியது. மினரல், செமி சிந்தெடிக், சிந்தெடிக் என்பவை மூல எண்ணெயின் வகைகள். சிந்தெடிக் அதிக வெப்பத்தைத் தாங்கும். ஆனால் விலை கூடுதல். தயாரிப்பாளரின் கையேடு கூறும் பாகுநிலை, ஜாசோ, ஏபிஐ ஆகிய மூன்றும் பொருந்தினால் சாதாரண வண்டிக்கு அதுவே போதுமானது.

பராமரிப்பு

எண்ணெய் கறுப்பாவது மட்டும் கெட்டுப்போனதற்கு அடையாளமன்று. கரியை அது சுமப்பதாலும் கறுக்கும். பால் கலந்த காப்பி நிறம் தெரிந்தால் நீர் கலந்திருக்கலாம். அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து நாள்தோறும் பெங்களூரு நெரிசலில் வேலைக்குச் செல்லும் வண்டி, நின்று நின்று ஓடுவதால் கிலோமீட்டர் குறைவாகக் காட்டினாலும் எஞ்சின் அதிக நேரம் உழைத்திருக்கும். எனவே கிலோமீட்டர், மாதம் ஆகிய இரண்டில் எது முன்னதாக நிறைவடைகிறதோ அப்போது எண்ணெயை மாற்ற வேண்டும்.

அளவைப் பார்க்கும்போது வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். அளவுகோலைத் திருகி அளப்பதா, வெறுமனே செருகி அளப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். குறைந்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு; மேற்கோட்டைத் தாண்டினாலும் கேடுதான். வாங்கும்போது மூடியின் சீல், தயாரிப்புத் தேதி ஆகியவற்றைப் பார்ப்பது போலியைத் தவிர்க்க உதவும்.

வடித்த எண்ணெய் இந்தியாவின் 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருவது. அதைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல் சேகரிக்கும் பணிமனையில் ஒப்படைக்க வேண்டும். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்களுக்கு எஞ்சின் ஆயிலே தேவையில்லை.