நிழற்படம் கூறாத நிறம்

பழைய விளையாட்டுக் குழுவொன்றின் நிழற்படத்தை நோக்குவோர் முகங்களைக் காண்பர். உடையின் அமைப்பையுங் காண்பர். ஆனால், அவ்வுடை சிவப்போ நீலமோ என்பதைக் கறுப்பு வெள்ளைப் படம் கூறாது. அதனை அறிவதற்கு எழுத்தே துணை.

1845இல் நியூயோர்க் நகரிலே நிக்கர்பொக்கர் என்னும் பேஸ்போல் கழகம் தோன்றியது. நீலக் கம்பளிக் காற்சட்டை, வெள்ளைப் பிளனல் மேற்சட்டை, வைக்கோல் தொப்பி என 1849இல் அது தன் உடையைத் தீர்மானித்தது. அத்தீர்மானம் எழுத்தில் நின்றமையாலன்றோ ஆராய்ச்சியாளர் இன்றும் அதனை அறிகின்றனர்!

1911 ஜூலை 29ஆம் நாள் கல்கத்தாவிலே மோகன் பகான் உதைபந்தாட்டக் கழகம், கிழக்கு யோர்க்ஷயர் படையணியை 2–1 என வென்று கேடயம் பெற்றது. பதினொருவருள் ஒருவரே சப்பாத்தணிந்து ஆடினார். அவ்வீரர்களின் படம் இன்றும் உண்டு. கழகத்தின் பச்சையும் அரக்கு நிறமும் அதிலே தோன்றா.

நம் யாழ்ப்பாணத்திலே மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் துடுப்பாட்டத்தில் எதிர்நின்று வருகின்றன. பழஞ்செய்திகளைத் தேடுவோர்க்கோ வழி குறுகிவிட்டது. 1981இல் பொது நூலகம் எரியுண்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. போரும் இடப்பெயர்வும் வீட்டுப் படங்கள் பலவற்றைக் கொண்டுபோயின. எஞ்சியவை அளவெட்டி போன்ற ஊர்களின் சுவர்களிலும் பெட்டிகளிலுமே உள்ளன.

மாணவர்களே, பாட்டனார் விளையாட்டுடையில் நிற்கும் படம் உங்கள் வீட்டில் உண்டாயின், ஆண்டு, பெயர்கள், உடையின் நிறம் ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு, அதன் பின்புறத்திலே பென்சிலால் மெல்ல எழுதிவையுங்கள். கேட்பதற்கு அவர்கள் இல்லாத நாளில் அந்நிறமும் இல்லாதுபோம்.