நகத்தால் ஒரு கீறல்!

2016 ஆடி மாசம். ஆபீஸில் லோன் போட்டு, புதுக்கோட்டை பக்கம் எங்கள் பூர்வீக நிலத்தில் நாற்பது தேக்கங்கன்றுகள் நட்டேன். 'இருபது வருஷத்துல நாம கோடீஸ்வரன்டா!' என்று மனசுக்குள் ஒரு கணக்கு.

வானம் வேறு கணக்குப் போட்டது. அந்த வருஷ வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவிகிதம் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது.

சித்திரையில் லீவு போட்டுப் போய்ப் பார்த்தால்... நாற்பதும் குச்சி! ஆத்திரத்தில் கடப்பாரையை எடுத்தேன். பத்தைத் தோண்டி எறிந்துவிட்டுப் பதினொன்றில் கை வைத்தபோது பெரியப்பா ஓடி வந்தார்.

"டேய், பாடை கட்டறதுக்கு முன்னாடி நாடி பார்க்க மாட்டியா?"

குனிந்து, தரையை ஒட்டிய பட்டையை நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சை! நான் எறிந்த பத்தையும் சுரண்டினேன். ஏழில் பச்சை. வயிற்றைப் பிசைந்தது.

விஷயம் இதுதான். தண்ணீர் குறைந்தால் கன்று முதலில் இலையிலுள்ள துளைகளை மூடிக்கொள்ளும். ஆனால் சமையலுக்கான காற்று வருவதும் அதே வழிதான், அடுப்பும் அணைந்துவிடும். வறட்சி முற்றினால் தண்டின் நீர்க்குழாய்களில் காற்றுக் குமிழி புகுந்துவிடும். நம்ம பம்ப்செட்டில் 'ஏர்' பிடிக்கிற கதைதான். தண்ணீர் மேலே ஏறாது. அதனால் தேக்கு இலையை உதிர்க்கும். தேவைப்பட்டால் தண்டையே காயவிடும். சேமிப்பெல்லாம் ஆணிவேரில் மாவுச்சத்தாக பத்திரம். அதுவும் தீர்ந்தால் சாவு.

நர்சரிக்காரர்களுக்கு இது பழைய சங்கதி. தேக்கு நாற்றின் தலையை வெட்டிவிட்டு, வேரும் ரெண்டு விரல் தண்டுமாக நடுவார்கள். அது ஜம்மென்று துளிர்க்கும். மத்திய இந்தியக் காடுகளில் சால் கன்றுகள் பல வருஷம் கோடையில் மேலே காய்ந்து, மழையில் துளிர்த்து, வேர் தடித்த பிறகே நிமிரும்.

"ஆள் வச்சு தினம் ஒரு சொம்பு ஊத்தச் சொன்னேனே பெரியப்பா?"

"அதான் தப்பு! வீட்டுக்கே தினம் டிபன் வந்தா எவன்டா வேலைக்குப் போவான்? வேர் மேலேயே உட்கார்ந்துடுச்சு. வாரம் ஒருக்கா ரெண்டு குடம் ஊத்து, சருகு போட்டு மூடு. ஈரத்தைத் தேடி வேர் கீழே இறங்கும்."

அப்படியே செய்தேன். மழை வந்ததும் மிச்சமிருந்த முப்பதில் இருபத்திரண்டு, அடியிலிருந்து துளிர்த்தன. இப்போது என்னைவிட உயரம்!

ஆனால், ஊருக்குப் போகும்போதெல்லாம் பெரியப்பா முதலில் கூட்டிப்போய்க் காட்டுவது அந்தப் பத்துக் குழிகளைத்தான். மனுஷர் மறக்கவே மாட்டேங்கிறார்!