தாமிங் சாரி உயரத்தில் ஒரு ரோபோ

சென்னையின் சாலைகளில் சிட்டி என்னும் ரோபோக்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. முதலில் உருண்டை, பிறகு பாம்பு, அதன் பிறகு வானுயர்ந்த ஒரு மனித உருவம். 2010 அக்டோபர் 1-ஆம் தேதி ‘எந்திரன்’ வெளிவந்தபோது அந்தக் கடைசிக் காட்சிக்கு அரங்கில் எழுந்த கூச்சலை மறக்க முடியாது. 2018-இல் வந்த ‘2.0’ இன்னும் ஒரு படி மேலே போனது. கைப்பேசிகளால் ஆன ராட்சதப் பறவையும் சிட்டிகள் சேர்ந்து உருவான ராட்சத ரோபோவும் விளையாட்டரங்கில் மோதிக்கொண்டன. நம் மலேசியப் பிள்ளைகளுக்கு ரோபோச் சண்டை பார்க்கும் ஆசையை 2022 டிசம்பரில் ‘மெக்காமாத்தோ’ திரைப்படம் தீர்த்து வைத்தது.

படம் முடிந்து வெளியே வரும் பிள்ளை கேட்பது இரண்டே கேள்விகள்தான். யார் பலசாலி? நிஜத்தில் இப்படி வருமா? முதல் கேள்விக்கு ரசிகர்கள் பதில் சொல்லட்டும். இரண்டாவது கேள்விக்கு இயற்பியலிடம் தெளிவான பதில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் கணக்கு தெரிந்தால் போதும், நாமே கண்டுபிடித்துவிடலாம்.

நியாலாஸிலிருந்து ஜாசின் வழியாக மலாக்கா பட்டணத்துக்குப் போனால் பண்டா ஹிலிரில் தாமிங் சாரி கோபுரம் நிற்கிறது. உயரம் 110 மீட்டர். அதே உயரத்தில் ஒரு ரோபோ அதன் பக்கத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். உருவ அமைப்பு அப்படியே மனிதனுடையது. 1.7 மீட்டர் உயரமும் 70 கிலோ எடையும் உள்ள ஓர் ஆளை 65 மடங்கு பெரிதாக்கினால் அந்த உயரம் வந்துவிடும். எடை எவ்வளவு ஆகும்? 65 மடங்கு என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஆள் உயரத்தில் மட்டும் வளரவில்லை. அகலத்திலும் 65 மடங்கு, பருமனிலும் 65 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 2,70,000 மடங்கு. எடை 19,000 டன்னைத் தொடும்.

இந்த எடையைத் தாங்க வேண்டியவை கால்கள். காலின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. பரப்பு என்றால் நீளமும் அகலமும் மட்டுமே. அது 65-ஐ 65-ஆல் பெருக்கியது, அதாவது ஏறத்தாழ 4,200 மடங்குதான் கூடும். எடை 2,70,000 மடங்கு கூட, தாங்கும் கால் 4,200 மடங்கே கூடினால், காலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்பு சுமந்ததைப்போல 65 மடங்கு சுமந்தாக வேண்டும்.

கலிலியோ 1638-இல் வெளியிட்ட தம் கடைசிப் பெரிய நூலில் இதை எழுதிவிட்டார். சிறு விலங்கின் எலும்பையும், ராட்சத விலங்கொன்றுக்குத் தேவைப்படும் எலும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தும் காட்டினார். பெரியது பார்ப்பதற்கே விகாரமாக, உயரத்துக்குப் பொருந்தாத தடிமனில் இருக்கும். 1926-இல் உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் இதே கணக்கைக் கதைகளில் வரும் 60 அடி அரக்கர்கள்மேல் போட்டுப் பார்த்தார். மனிதனின் தொடை எலும்பு அவன் எடையைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு சுமை வந்தால் முறிந்துவிடும். ஆகவே மனிதனைவிடப் பத்து மடங்கு உயர்ந்த அரக்கன் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் கால் உடைய வேண்டும் என்றார். இந்த ஹால்டேன் 1957-இல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்கே குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேஸ்வரில் மறைந்தவர்.

ரோபோவுக்கு எலும்பு ஏது, அது எஃகு அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சாதாரணக் கட்டுமான எஃகு எலும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு சுமைதான் தாங்கும். அதன் எடையோ எலும்பைப்போல் நான்கு மடங்கு. 65 மடங்கு சுமையின் முன் இந்தச் சலுகை எங்கே எடுபடும்?

இன்னொரு சிக்கல் காலுக்குக் கீழே இருக்கிறது. அதைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு டிராக்டர் வரும். சிவந்த மண்பாதையில் பின்சக்கரம் சுழலும், வண்டி நகராது. சுழலச் சுழல இன்னும் கீழே இறங்கும். உடனே யாராவது நாலைந்து செம்பனை மட்டைகளை இழுத்து வந்து சக்கரத்துக்கு முன்னால் பரப்புவார்கள். மட்டை வண்டியின் எடையில் ஒரு கிலோவைக்கூடக் குறைப்பதில்லை. அந்த எடையை அகலமான இடத்துக்குப் பரப்பி விடுகிறது, சக்கரம் பிடி கிடைத்து ஏறிவிடுகிறது. மறுநடவுக்கு வரும் மண்வாரி இயந்திரம் 20 டன் இருந்தும் புதையாமல் ஓடுவதற்குக் காரணம் இதுதான். அதன் அகன்ற சங்கிலிப் பட்டைகள் ஒரு சதுர மீட்டர் மண்ணில் ஏறத்தாழ 5 டன் மட்டுமே அழுத்துகின்றன.

நாம் கற்பனை செய்த ரோபோ இரண்டு காலையும் ஊன்றிச் சும்மா நின்றாலே ஒரு சதுர மீட்டருக்கு நூறு டன்னுக்கு மேல் அழுத்தும். ஒரு காலைத் தூக்கினால் அது இரண்டு மடங்காகும். மலாக்கா ராயா பகுதியோ கடலைத் தூர்த்து எடுத்த நிலம். இதுபோன்ற கடலோரக் களிமண் சதுர மீட்டருக்குச் சில டன்கள்தான் தாங்கும். அதனால்தான் அங்கே மாடிக் கட்டடம் எழுப்புகிறவர்கள் ஆழத்துக்குத் தூண் இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குகிறார்கள். வில்லன் ரோபோ நகரத்தை அழிக்க வருமுன் முழங்கால்வரை சேற்றில் இறங்கி நிற்கும்.

சரி, எப்படியோ நின்றுவிட்டது, சண்டையும் தொடங்கிவிட்டது என்று வையுங்கள். ராட்சத ரோபோக்கள் திரையில் மெதுவாக அசைவதைக் கவனித்திருப்பீர்கள். அது ஒரு வகையில் சரியான இயற்பியல். உயரம் கூடக் கூட விழுவதற்கும் கால் வீசுவதற்கும் ஆகும் நேரம் கூடுகிறது. 65 மடங்கு உயரத்துக்கு நேரம் 8 மடங்கு. நாம் அரை விநாடியில் வைக்கும் அடியை அது 4 விநாடியில் வைக்கும். அடித்துத் தள்ளினால் மரம் சாய்வதுபோல் சாயும். தலை தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் இருக்கும். அந்த ஒரு விழுகையில் வெளிப்படும் ஆற்றல் இரண்டரை டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். நகரத்தைக் காக்க வந்த நல்ல ரோபோ இடறி விழுந்தாலும் கணக்கு இதேதான். அதனால் எதிரியைவிடக் காவலனைப் பார்த்தே ஊர் அதிகம் பயப்பட வேண்டியிருக்கும்.

இது வெறும் காகிதக் கணக்கில்லை. ராட்சத ரோபோக்கள் இரண்டு உண்மையிலேயே மோதியிருக்கின்றன. அமெரிக்காவின் மெகாபாட்ஸ் நிறுவனம் 2015-இல் ஜப்பானின் சுய்தோபாஷி நிறுவனத்துக்குச் சவால் விட்டது. மோதலின் ஒளிப்பதிவு 2017 அக்டோபரில் வெளியானது. களம் ஜப்பானில் கைவிடப்பட்ட ஓர் எஃகு ஆலை. ஜப்பானின் குராட்டாஸ் 4 மீட்டர் உயரம். முதலில் எதிர்த்து வந்த அமெரிக்காவின் அயர்ன் குளோரி ஒரே குத்தில் மல்லாந்து விழுந்தது. அடுத்து வந்த ஈகிள் பிரைம் 12 டன். அது சங்கிலி ரம்பத்தைக் கையில் மாட்டிக்கொண்டு குராட்டாஸை மடக்கி வென்றது.

எனக்கு இந்தச் சண்டையில் முக்கியமாகப் படுவது வெற்றி தோல்வி இல்லை. இரண்டு பக்கமும் எந்த ரோபோவும் காலால் நடக்கவில்லை. குராட்டாஸ் நான்கு கால்களின் நுனியில் சக்கரம் கட்டி உருண்டது. ஈகிள் பிரைம் மண்வாரியைப்போல் சங்கிலிப் பட்டையில் ஊர்ந்தது. கைகளை இயக்கியதும் மண்வாரியின் கையை இயக்கும் அதே எண்ணெய் அழுத்தம்தான். நம் தோட்டத்தில் முதிர்ந்த செம்பனை மரத்தைச் சாய்த்து வெட்டிப்போடும் இயந்திரமும் அதுவும் ஒரே குடும்பம். ஐந்து மீட்டர் உயரத்திலேயே இரண்டு காலில் நிற்பதை விட்டுவிட்டார்கள். விழுந்தால் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆள் பிழைப்பாரா என்பது அவர்களுக்கு விளையாட்டுக் கேள்வி இல்லை.

ஜப்பானின் யோகோஹாமாவில் 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை 18 மீட்டர் உயரக் ‘கண்டம்’ (Gundam) ரோபோ ஒன்று கால் தூக்கி, முழங்கால் மடக்கி, விரல் நீட்டிப் பார்வையாளர்களை அசத்தியது. எடை 25 டன். அதன் இடுப்பைப் பின்னாலிருந்து ஒரு தாங்கி பிடித்துக்கொண்டே இருந்தது. முழு எடையையும் தன் காலில் ஏற்றி அது ஒரு நாளும் நடந்ததில்லை. கட்டிய பொறியாளர்களுக்கு அளவின் சட்டம் தெரியும், அதை மதித்தார்கள்.

பெரிய உருவம் நகரவே முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன். வீடுகள் நிறைந்த நான்கு வீதிகளில் திரும்பித் திரும்பி நிலைக்கு வந்து சேர்கிறது. நம்மவர்கள் அதற்கு அகன்ற அடியும் கனத்த சக்கரங்களும் வைத்தார்கள், திருப்புவதற்கு முட்டுக்கட்டை வைத்தார்கள். பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக்கும் சேர்ந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1969 முதல் 1991 வரை நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த பிக் மஸ்கி என்னும் இயந்திரம் ஏறத்தாழ 12,000 டன். நம் கற்பனை ரோபோவின் எடையில் பாதிக்கும் மேல். அது உண்மையாகவே அடி எடுத்து வைத்து நகர்ந்தது. ஆனால் அதன் பாதங்கள் வீட்டைவிட நீளமானவை, உடலோ தரையோடு தரையாக அமர்ந்தது. பெரிதாக இருக்க வேண்டுமா, அகலமாகப் பரவிக் கீழே இரு என்பதுதான் மண் போடும் நிபந்தனை. இரண்டு காலில் நிமிர்ந்து நடப்பது சிறிய உடல்களுக்கே வாய்த்த பேறு.

ஆபத்தில் சிக்கிய ஊருக்கு ரோபோ உதவிய கதையும் உண்டு. 2011-இல் ஃபுகுஷிமா அணுமின் நிலையம் விபத்துக்குள்ளானபோது மனிதர் நுழைய முடியாத கதிர்வீச்சுக்குள் முதலில் போனவற்றில் ஒன்று பேக்பாட். ஒருவர் தூக்கிச் செல்லும் அளவே உள்ள, பட்டையில் ஊரும் ரோபோ. அந்த விபத்துக்குப் பிறகு மீட்பு ரோபோக்களுக்காக அமெரிக்காவில் நடந்த டார்பா போட்டியில் 2015-இல் கொரியாவின் ஹூபோ 20 லட்சம் டாலர் பரிசை வென்றது. மற்ற ரோபோக்கள் பல கதவருகிலும் பிற இடங்களிலும் தடுமாறி விழுந்தன. ஹூபோ தேவைப்பட்டபோது மண்டியிட்டு, முழங்காலில் இருந்த சக்கரத்தில் உருண்டு போனது.

அப்படியானால் சிட்டிகள் ஒட்டிக்கொண்ட காட்சி முழுக்கப் பொய்யா? இங்கேதான் ‘எந்திரன்’ எனக்குக் கூடுதலாகப் பிடித்துப்போகிறது. சிறியவை பல சேர்ந்து பெரிய உருவம் எடுக்கும் என்ற எண்ணம் ஆய்வுக்கூடங்களில் உயிரோடு இருக்கிறது. 2013-இல் எம்ஐடியில் ஜான் ரொமானிஷினும் டேனியலா ரஸ்ஸும் எம்-பிளாக்ஸ் என்ற சிறு கனசதுர ரோபோக்களைக் காட்டினார்கள். கைக்குள் அடங்கும் பெட்டி, வெளியில் கையும் இல்லை, காலும் இல்லை. உள்ளே ஒரு சக்கரம் நிமிடத்துக்கு 20,000 சுற்று சுழல்கிறது. அதைச் சட்டென்று நிறுத்தினால் சுழற்சி பெட்டிக்கு மாறுகிறது. பெட்டி துள்ளிக் குதித்து அடுத்த பெட்டியின்மேல் ஏறுகிறது. விளிம்புகளில் உள்ள காந்தங்கள் ‘சட்’டென்று பிடித்துக்கொள்கின்றன. அடுத்த ஆண்டு ஹார்வர்டில் ராதிகா நாக்பாலின் குழு கிலோபாட் என்னும் சிறு ரோபோக்கள் 1,024-ஐக் களத்தில் விட்டது. தலைவன் என்று யாரும் இல்லை, அக்கம்பக்கத்து ரோபோவோடு மட்டும் பேசிக்கொண்டு அவை நட்சத்திர வடிவத்தில் அணிவகுத்தன. அதற்கு ஏறத்தாழ 12 மணி நேரம் ஆனது. படத்தில் அந்த நேரத்துக்குள் சென்னை முடிந்திருக்கும்.

ஒட்டிய பின்னும் எடை விடாது. நூறு கிலோ சிட்டிகளை 50 அடுக்காக நிறுத்தினால் அடியில் இருப்பவன் தலையில் 4,900 கிலோ. உருவம் பக்கவாட்டில் சாய்ந்தால் நெம்புகோல் விதி சேர்ந்துகொண்டு இணைப்புகளைப் பிய்க்கும். காந்தம் ஒட்டியிருக்கும்வரை கெட்டி, மயிரிழை விலகினாலும் பிடி மளமளவென்று குறையும். ஆகவே சிட்டிகள் மனித உருவம் எடுத்தது தவறு, பாம்பு உருவம் எடுத்தது சரி என்பது என் தீர்ப்பு. பாம்பு தன் எடையை உடல் நீளத்துக்கும் தரையில் பரப்பி வைக்கிறது. மட்டை போட்டு டிராக்டரை மீட்கிற நம் தோட்டத்து ஆள் அந்தப் படையின் தளபதியாக இருந்திருந்தால் பாம்போடு நிறுத்தியிருப்பார்.

இதைப் பிள்ளைகள் கையால் செய்து பார்க்கலாம், ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. பிசைந்த மாவில் ஒரு சிறு உடல் உருட்டி நான்கு தீக்குச்சிக் கால் குத்தி நிறுத்துங்கள். அடுத்து, எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கான உடல். அதற்கு மாவு எட்டுப் பங்கு தேவைப்படும், அளந்தே பார்க்கட்டும். கால் இரண்டு மடங்கு நீளமாகவும் தடிமனாகவும் இருக்க வேண்டும். பிறகு மூன்று மடங்கு, 27 பங்கு மாவு. எந்த அளவில் கால் உடலுக்குள் புதைகிறது, எப்போது உடல் தொய்கிறது என்று தாளில் குறிக்கட்டும். நியாலாஸ், ஆசாஹான், ஜாசின் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது: அறிவியல் வாரத்தில் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். ரோபோ படம் பார்த்துவிட்டு யார் ஜெயிப்பார் என்று கேட்கும் பிள்ளையிடம், அதன் எடை எவ்வளவு, பாதத்தின் பரப்பு எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். பெருக்கத் தெரிந்த பிள்ளை பதிலோடு வந்து நிற்கும்.