ஒத்தையில கிளம்பினா ஊரே கூட வருது!

கூமாப்பட்டியை இனி யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டாம். 2025 ஜூனில் உள்ளூர் இளைஞர் ஒருவர் போட்ட ரீல்ஸ், தமிழ்நாட்டையே அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது. மலை, அணை, தென்னந்தோப்பு எல்லாம் பார்த்துவிட்டீர்கள். அந்த அணைத் தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது? அதன் பின்னாலேயே தனியாகச் சைக்கிள் மிதித்தால் யார் யாரெல்லாம் வந்து சேருகிறார்கள்? கேமராவில் விழாத அந்தக் கதையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது!

தண்ணீர் போகிற வழி

ஊருக்கு மேற்கே பிளவக்கல்லில் இரண்டு அணைகள்: 47 அடி பெரியாறு அணை, 42 அடி கோவிலாறு அணை. முதுகுப்புறம் 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். இங்கிருந்து இறங்கும் நீர் வத்திராயிருப்பு வயல்களை நனைத்து, அர்ச்சுனா நதியாகி, ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி அணைகளைத் தாண்டி இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்கிறது. வைப்பாறு விளாத்திகுளம் வழியாகப் போய் சிப்பிக்குளம் பக்கம் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. மலையடிவாரத்தில் ஆரம்பித்து உப்பளத்தில் முடிகிற சவாரி!

டான்யூப் நதிக்கரையில் ஜெர்மனியின் பாசாவிலிருந்து வியன்னா வரை சைக்கிளுக்கென்றே பாதை உண்டு, வழி காட்டப் பலகையும் உண்டு. நம் ஆறு மழையை நம்பி ஓடுவது. வருஷத்தில் பாதிக்கு மேல் மணல்தான், கரையெல்லாம் சீமைக்கருவேலம். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வண்டிப்பாதை திடீரென்று ஒரு தோப்பு வேலியில் முட்டி நின்றுவிடும். ஆடு மேய்க்கிறவரையோ, களையெடுக்கிறவரையோ, கண்மாய்க்கரையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவையோ கேட்டால்தான் அடுத்த தரைப்பாலம். மனிதர்களோடு பேசாமல் இந்த ஆற்றைத் தாண்டவே முடியாது!

எல்லா ஊரிலும் அதே கேள்விகள்

கிழவன் கோவில் பக்கம் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த அக்காதான் ஆரம்பித்துவைத்தார். "ஏந்தாயி, ஒத்தையிலயா வாரே?" அடுத்து, "சாப்பிட்டியா?" அப்புறம்தான் எந்த ஊர் என்ற விசாரணை. கடல் வரைக்கும் ஏறக்குறைய இதே வரிசை! பதில் சொல்லி முடிப்பதற்குள் இளநீர் சீவப்பட்டிருக்கும். சிவகாசிப் பக்கம் விடிகாலையில் பட்டாசு ஆலை வேனுக்காக நின்ற பெண்கள், எந்தத் தரைப்பாலத்தில் தண்ணீர் போகிறது என்று சொன்னார்கள். ஒருவர் தன் மதியச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, தக்காளிச் சாதத்தில் பாதியை என் டப்பாவுக்கு மாற்றிவிட்டுத்தான் வேனில் ஏறினார்.

திரைக்குப் பின்னால் ஒரு போன்

இப்போது இந்தக் கதையின் பெரிய ரகசியம்! ஆனைக்குட்டம் தாண்டி பின்சக்கரத்தில் கருவேல முள் ஏறியது. பஞ்சர் கடை அண்ணன் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்தார், ஒட்டினார். பிறகு டயருக்குள் விரல் விட்டு அங்குலம் அங்குலமாகத் தடவி, ஒடிந்து கிடந்த முள்முனைகளைப் பிடுங்கினார். "இத விட்டா ஊருக்கு ஒரு பஞ்சர் ஆகும் தாயி." நான் டீ குடிக்கப் போன நேரத்தில் அவர் ஒரு வேலை செய்திருக்கிறார். கோல்வார்பட்டிப் பக்கம் ஒரு டீக்கடையில் நான் சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே கடைக்கார அம்மா கேட்கிறார்: "பஞ்சர் ஒட்டிட்டு வந்த புள்ள நீதானா? எங்க அண்ணன் போன் போட்டுச்சு!"

அந்த அம்மா இருக்கன்குடியில் தெரிந்தவரிடம் சொல்ல, அவர் விளாத்திகுளத்துக்குச் சொல்ல... நான் தனியாகப் போவதாக நினைத்துக்கொண்டிருந்த சவாரியை ஒரு ஆறு நெடுக ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

இருக்கன்குடியில் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆடிக் கடைசி வெள்ளிக்கு மாரியம்மனைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக நடந்தே வருகிறவர்களுக்கு மோர் ஊற்றிப் பழகிய சாலை அது. நடந்து வந்தாலும் மிதித்து வந்தாலும் வழிப்போக்கர் வழிப்போக்கர்தான். வெள்ளரிப்பிஞ்சு விற்ற பாட்டி என் பையில் போட்டதற்கு விலையே சொல்லவில்லை.

மத்தியப் பிரதேசத்தின் ஆஷா மால்வியா 2022 நவம்பரில் போபாலிலிருந்து தனியாகச் சைக்கிளில் கிளம்பி, தமிழ்நாடு உட்பட நாட்டைச் சுற்றினார். பெண்கள் இந்தியாவில் பயமின்றிப் பயணம் போகலாம் என்று காட்டுவதே அவர் நோக்கம். வைப்பாற்றங்கரையில் அதை எனக்குக் காட்டியவர்கள் பஞ்சர் கடையிலும் டீக்கடையிலும் இருக்கிறார்கள். சிப்பிக்குளத்தில் கடலைப் பார்த்ததும் பஞ்சர் கடை அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, "புள்ள போய்ச் சேந்துருச்சுப்பா!" என்று கத்தினார்.

நீங்களும் போங்கள்! தை, மாசி நல்ல காலம்: மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது. அணையில் இறங்க வேண்டாம், காப்பகத்துக்குள் சைக்கிளை விட வேண்டாம். பஞ்சர் சாமான், தண்ணீர், கூடவே ஒரு காலி டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். அந்த டப்பாவை நிரப்ப வழி நெடுக ஆள் இருக்கிறது!