வாடைக் காலத்தில் நாயாறு

குளிர் என்றதும் நம் நாட்டவர் உள்ளத்தில் முதலில் தோன்றும் ஊர் நுவரெலியா. கம்பளிச் சட்டையும் கழுத்துச் சால்வையும் அங்கு செல்வோருக்கே உரியவை என்பது நம்மிற் பலரது எண்ணம். வன்னியின் கிழக்குக் கரையிலுள்ள நாயாற்றுக்குப் புறப்படும் குடும்பத்தினர் குடையை மறவாது எடுத்துச் செல்வர். போர்வையை எடுத்துச் செல்லார். பாதரசம் உறைநிலையை எட்டியும் பாராத இக்கடலோரத்தில் குளிரால் யாது தீங்கு நேரும் என்று கேட்போரும் உளர். அக்கேள்விக்கு 2022 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் துயரமான விடையொன்றைத் தந்தது.

முல்லைத்தீவு நகரிலிருந்து கொக்கிளாய் நோக்கித் தெற்கே செல்லும் வீதியில் சிலாவத்தை, அளம்பில், செம்மலை ஆகிய ஊர்களைக் கடந்ததும் நாயாற்றுக் களப்பு கண்முன் விரிகின்றது. ஒரு புறம் வங்கக் கடல். மறு புறம் காடு. இரண்டுக்கும் நடுவே அமைதியான நீர்ப்பரப்பு. மாரி வெள்ளம் பெருகுங்கால் களப்பு முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு கடலோடு கலக்கும். கோடையில் மணல் அவ்வாயிலை மீண்டும் அடைக்கும். இக்களப்பும் அதன் சூழலும் 2017 ஆம் ஆண்டில் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனம் செய்யப்பட்டன. வடநாடுகளின் கடுங்குளிருக்கு அஞ்சி மத்திய ஆசிய வான்வழியாகப் பறந்து வரும் உள்ளான்களுக்கும் வாத்தினங்களுக்கும் இலங்கைக் கரையோரக் களப்புகளே வழியின் தெற்கு எல்லை. ஆதலின் பறவை காண விரும்பும் மாணவர்க்கு வாடைக் காலமே உகந்த காலம். உல்லாசப் பயணத்துக்கு இதனினும் சிறந்த இடம் வேண்டுவதில்லை.

ஆயினும் இடத்தை அறிந்தாற் போதாது. காலத்தையும் அறிதல் வேண்டும். சோளகக் காலத்தில் மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்க, அப்பகுதி மீனவர் நாயாற்றுக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் புரிவது நெடுநாளைய வழக்கம். வாடை எழுந்ததும் இக்கரை கொந்தளிக்கும். அவர்கள் தம் ஊர் திரும்புவர். கரையிலே கூடாரம் அடிப்பதற்கு எது காலம், எது காலமன்று என்பதற்கு மீனவரின் இப்போக்குவரவே நல்ல பஞ்சாங்கமாகும்.

குளிர் கொண்டுசென்ற கால்நடைகள்

2022 டிசெம்பர் முதல் வாரத்தில் வங்கக் கடலில் தோன்றிய தாழமுக்கம் வலுப்பெற்று ‘மண்டூஸ்’ என்னும் சூறாவளியாயிற்று. இலங்கைக்கு வடகிழக்கே நகர்ந்து சென்ற அது, டிசெம்பர் 9 ஆம் திகதி இரவு தமிழகத்தில் மாமல்லபுரத்துக்கு அண்மையிற் கரையைக் கடந்தது. வடகோளத்திற் சூறாவளியின் காற்று இடஞ்சுழியாகச் சுழல்வது. ஆகவே அதன் மேற்குப் பக்கத்தில் உள்ள நிலத்தின்மேல் காற்று வடக்கிலிருந்து பாயும். வட இந்தியாவின் குளிர்ந்த காற்று அவ்வாறு இலங்கைமீது இழுத்துவரப்பட்டது. குளிருடன் தூசும் புகையும் சேர்ந்து வந்தமையால் 9 ஆம் திகதி நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன.

அந்த இரண்டொரு நாளில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் நூற்றுக்கணக்கான ஆடுகளும் மடிந்தன. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களின் மேய்ச்சல் தரைகளிலே பட்டிமாடுகள் நின்ற இடத்திற் சரிந்து கிடந்தன. கொள்ளை நோயோ என்று மக்கள் அஞ்சினர். மடிந்தவற்றை ஆராய்ந்த கால்நடை வைத்தியர்கள் குளிரின் தாக்கமே காரணம் என்றனர். பால் விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் குடும்பத்துக்குப் பட்டியே வைப்பகம். அவ்வைப்பகம் ஓர் இரவிற் காலியானதை எண்ணும்பொழுது நம் நெஞ்சம் பதறுகின்றது.

பனி உறையாத நாட்டிற் குளிர் எங்ஙனம் கொன்றது? நம் வீட்டு மண்குடம் இதனை விளக்கும். குடத்தின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. காற்று வீசினால் இன்னும் விரைவாகக் கவர்கின்றது. மழையில் நனைந்து காற்றில் நிற்கும் உடம்பும் அக்குடத்தைப் போன்றதே. மேலும், காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவது. வெப்ப நாட்டு மாடுகளின் உரோமம் குறுகியது, மெல்லியது. மாடு தின்ற புல் வயிற்றிற் செரிக்குங்கால் எழும் வெப்பமே அதற்கு உள்ளடுப்பு. மேய்ச்சல் தரை வெள்ளத்தில் அமிழ்ந்து வயிறு வெறுமையாகுமாயின் அவ்வடுப்பும் அணைந்துவிடும். ஈரம், காற்று, பசி ஆகிய மூன்றும் ஒருங்கு சேர்ந்தால் உறைபனி இன்றியே உயிர் போகும்.

இது நம் முன்னோர் அறியாததன்று. கூதிர்க் காலத்தைப் பாடிய நக்கீரர், ‘நெடுநல்வாடை’யின் தொடக்கத்திலேயே, வெள்ளத்துக்கு அஞ்சிய கோவலர் தம் நிரையை வேறு நிலத்துக்கு ஓட்டிச் செல்வதையும், தீக்காய்ந்து நடுங்குவதையும், விலங்குகள் மேய்ச்சலை மறப்பதையும் கூறியுள்ளார். மந்தையை முன்னதாகவே மேட்டு நிலத்துக்குக் கொண்டுசென்று, வாடை படாத மறைப்பும் வைக்கோலும் கொடுத்தல் இன்றைக்கும் பொருந்தும் பாதுகாப்பாகும்.

பயணம் புறப்படுவோர்க்கு

மாட்டுக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரக்கூடியதே. நமது உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். அது 35 பாகைக்குக் கீழே இறங்குமாயின் ஆபத்துத் தொடங்குகின்றது. குழந்தைகளும் முதியோரும் முதலில் வாடுவர். நடுக்கம், குழறும் பேச்சு, தடுமாறும் கை, காரணமற்ற தூக்கம் ஆகியவை அறிகுறிகள். நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை நடுக்கம் நின்று சோர்ந்து கிடப்பின், குளிர் தெளிந்தது என்று மகிழ்தல் பேதைமை. அதுவே மிகுந்த ஆபத்தின் குறி. ஈர உடையைக் களைந்து, உடலைத் துடைத்து, தலையையும் மார்பையும் உலர்ந்த கம்பளியாற் போர்த்தல் வேண்டும். விழுங்கக்கூடிய நிலையில் இருப்பின் சர்க்கரை கலந்த சூடான தேநீர் பருகக் கொடுக்கலாம். மதுபானம் சூடு தருவதுபோல மயக்கி உடலின் வெப்பத்தை வெளியேற்றிவிடும். கை கால்களை வன்மையாகத் தேய்த்தலும் கூடாது. தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதலே கடன்.

வாடை கடுமையாக வீசும் நாட்களிற் கரையில் இரவு தங்குவதைத் தவிர்த்து, காலையிற் சென்று மாலைக்குள் மீளும் பயணமே தக்கது. தாழமுக்கம் பற்றி வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்திருக்குமாயின் அதனையும் பிற்போடுதல் வேண்டும். 2020 டிசெம்பர் 2 ஆம் திகதி இரவு ‘புரெவி’ச் சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட இக்கரையிலேயே ஏறியது என்பதை நினைவிற் கொள்வோமாக. புறப்படுமுன் பாலங்களின் நிலையை ஊரவரிடம் விசாரித்தறிதல் நன்று. தாம்போதியின்மேல் வெள்ளம் பாயும்போது வாகனத்தை இறக்கலாகாது.

ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்றுடை, நீர் புகாத பையில். குழந்தைகளுக்குக் காதை மூடும் தொப்பி. சுடுதண்ணீர்ப் போத்தல் நிறைய இஞ்சித் தேநீர், கூடவே பனங்கட்டி. வயிறு நிறையும் கட்டுச்சோறு. இவை ஆடம்பரமல்ல. அனுமதி பெற்று முகாமிடும் மாணவர் குழுவினர் முகத்துவாரத்துக்கும் நீர்விளிம்புக்கும் எட்டிய மேட்டு நிலத்தைத் தேர்க. மரங்களின் மறைவு காற்றைத் தடுக்கும். ஆனால் பட்ட கிளைகளின் கீழே படுத்தல் கூடாது. மேலே போர்ப்பதைவிடக் கீழே விரிப்பது முக்கியம். ஈர நிலம் இரவு முழுவதும் உடற்சூட்டை உறிஞ்சும். தறப்பாளின்மேல் உலர்ந்த வைக்கோலோ பாயோ பரப்பி, அதன்மேற் போர்வை விரித்துப் படுக்கலாம். குளிருக்கு அஞ்சிக் கூடாரத்தை மூடிக்கொண்டு உள்ளே கரிச்சட்டியோ மண்ணெண்ணெய் அடுப்போ வைப்பது உயிரோடு விளையாடுவதாகும். அதிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோரை எழுப்பாமலே கொண்டுசெல்லும்.

வேறு சிலவும் உண்டு. களப்பின் முகத்துவாரத்தில் நீரோட்டம் கடியது. அங்கு நீராடல் ஆகாது. காட்டோரங்களில் யானை நடமாடும். 2009 இல் முடிந்த யுத்தத்தின் வடு இம்மாவட்டத்தின் மண்ணில் ஆழப் பதிந்தது. ஆகையால் மக்கள் நடக்கும் பாதையை விட்டுக் காட்டினுள் இறங்காதிருப்பதும், மண்ணிற் கிடக்கும் அறியாத இரும்புப் பொருளைத் தொடாதிருப்பதும் பிள்ளைகளுக்கு முதற் பாடமாகட்டும்.

இவற்றையெல்லாம் கூறியது நாயாற்றுக்குச் செல்லற்க என்று தடுப்பதற்கன்று. சாம்பல் நிற வானத்தின் கீழே களப்பு நீர் சிலிர்ப்பதையும், தொலைதூரப் பறவைகள் காற்றுக்கு முகங்கொடுத்து நிரையாக நிற்பதையும் நம் பிள்ளைகள் கண்டு மகிழ்தல் வேண்டும். வழியிலே பட்டி மேய்ப்பவர் எவரேனும் எதிர்ப்பட்டால் வாகனத்தை நிறுத்தி, மந்தை கடக்கும்வரை பொறுத்திருப்போம். அன்றைய வாடை எப்படி என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்போம். அக்காற்றை அவரைவிட நன்கறிந்தவர் அக்கரையில் அரியர்.