புத்தகத்துக்குள்ளேயே நோட்டு

பாடப் புத்தகத்திலேயே எழுத வெற்றுப் பக்கம் வைத்துவிட்டால், தனியாக நோட்டு வாங்கும் செலவும் பையின் கனமும் குறையும்தானே, நேயர்களே? புனேயில் இருக்கும் மகாராஷ்டிர அரசுப் பாடநூல் நிறுவனமான பாலபாரதி, 2023-ல் இப்படித்தான் புத்தகம் அச்சடித்தது. பாடம் முடிந்ததும், குறிப்பெழுத வெற்றுப் பக்கம். ஆனால் பிள்ளைகள் பழையபடி நோட்டையும் சுமந்து வந்தார்கள். 2025 தொடக்கத்தில் அரசு அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது.

அப்படியானால் யோசனையே தப்பா? இல்லவே இல்லை. புதிதாக ஒன்றைக் கொடுத்தால் மட்டும் போதாது; அதற்குப் பதிலாக எதை நிறுத்துவது என்பதையும் ஆசிரியர்களோடு பேசி முடிவுசெய்ய வேண்டும். இல்லாவிட்டால், மிச்சம் பிடிக்க வந்த தாளே வீணாகிவிடும். அதனால், அடுத்த வருடத்துக்கு நோட்டு ஆர்டர் கொடுக்கும் முன், இந்த வருட நோட்டுகளில் எத்தனை பக்கம் காலியாக இருக்கிறது என்று பள்ளியில் ஒருமுறை புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.